கெட் என்ற பையனின் நிறம்

'எர்த்ஸீ' வரிசையின் முதல் நாவல் 1968-இல் வெளிவந்தது. மொத்தம் பத்து அத்தியாயம். மூன்றாவது அத்தியாயத்தில், மந்திரம் கற்றுத்தரும் பள்ளிக்கு வந்துசேரும் நாயகன் கெட்டுக்கு வெட்ச் என்று ஒரு நண்பன் கிடைக்கிறான். அவனை அறிமுகப்படுத்தும்போது ஆசிரியர் உர்சுலா கே. லெ குவின் ஒரு ஒப்பீட்டை நடுவில் செருகுகிறார். வெட்ச் நல்ல கருப்பு. கெட், ஜாஸ்பர், அந்தத் தீவுக்கூட்டத்துச் சனங்களில் பெரும்பாலோர் மாதிரி செம்பழுப்பு இல்லை, கருப்போடிய பழுப்பு.

அவ்வளவுதான். கதாநாயகன் வெள்ளைக்காரன் இல்லை என்கிற சேதி, இன்னொருவனைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் வந்து விழுகிறது. கண் கொஞ்சம் அசந்தால் தாண்டிப் போய்விடும். நான் தாண்டித்தான் போனேன். கல்லூரி முதலாண்டில், திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியாக வாங்கினேன். முழுசாகப் படித்து முடித்தும், என் மனசுக்குள் ஓடிய கெட், வெயிலில் மூக்கு சிவந்த ஓர் இங்கிலீஷ்காரப் பையன். இத்தனைக்கும் அட்டையே இல்லை. அட்டைப்படம் ஏமாற்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. படித்தவனோ அசல் மாநிறம்.

பல வருடம் கழித்து, இதே கதையை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று வெள்ளைக்காரப் பையனை வைத்து எடுத்தது, ஆசிரியர் கொதித்துப்போய்ப் பகிரங்கமாக எழுதினார் என்று தெரியவந்தபோது, முதலில் சிரிப்பு வந்தது. அவர்கள் படமெடுத்துச் செய்ததை நான் படுக்கையில் படுத்தபடியே செய்திருந்தேன். அதனால் 2004 டிசம்பரில் நடந்ததை ஒரு டிவி கம்பெனியின் தப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த நிறம் எந்தெந்த மேசையில், யார் கையில், எப்படி வெளுத்துக்கொண்டே வந்தது என்று பார்க்க வேண்டும்.

எழுதியவர் போட்ட கணக்கு

லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியர். யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடியில் கடைசியாக மிஞ்சிய மனிதர் இஷி. அவரோடு பழகி, அவர் மொழியையும் வாழ்க்கையையும் பதிவு செய்தவர்களில் க்ரோபரும் ஒருவர். அம்மா தியோடோரா க்ரோபர் 1961-இல் இஷியைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. 'உலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் நம்மைப் போலத்தான்' என்ற நினைப்பு ஒட்டுவதற்கு இடமில்லாத வீடு அது.

1967-இல் பர்னாசஸ் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகத்தின் ஹெர்மன் ஷைன், வளரும் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி கேட்டார். வந்தது எர்த்ஸீ. நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு கடல் உலகம். அதில் பெரும்பாலோர் செம்பழுப்பு. கிழக்கு ஓரத்துத் தீவுக்காரர்கள் கருப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள் கார்க் நாட்டார். கப்பலேறி வந்து ஊரைக் கொளுத்திக் கொள்ளையடிப்பவர்கள்.

முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கார்க் படை, வெண்கலக் கொல்லனின் மகனான பன்னிரண்டு வயது நாயகன் வாழும் மலைக்கிராமத்துக்குள் புகுகிறது. அங்கே அவர்களை வெள்ளைத் தோல், மஞ்சள் முடி என்று தனியாகக் குறிப்பிடுகிறார். ஒரு ஊரில் எதைத் தனியாகச் சொல்கிறோம்? அந்த ஊரில் வழக்கமாக இல்லாததைத்தான். கிராமத்துக்காரர்களும் வெள்ளை என்றால் 'வெள்ளைத் தோல்காரர்கள் வந்தார்கள்' என்று ஏன் சொல்லப்போகிறார்? அதாவது நாயகன் வெள்ளை இல்லை என்ற துப்பு முதல் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. இதை நான் கவனித்தது மூன்றாவது வாசிப்பில்.

இந்த ஒளிவுமறைவு தற்செயல் இல்லை என்று லெ குவினே பின்னால் எழுதினார். எடுத்த எடுப்பில் பழுப்புப் பையன் என்றால் சில வெள்ளைப் பிள்ளைகள் ஒட்டாமல் போகலாம். அதனால் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டேன் என்றார். வாசிப்பவர் முதலில் கெட்டின் தோலுக்குள் புகுந்துவிட வேண்டும், பிறகுதான் அது வெள்ளைத் தோல் இல்லை என்று தெரியவேண்டும் என்பது அவர் கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மெதுவாகச் சொன்ன சேதியை மெதுவாகவே மறந்தும் விடலாம். வெள்ளைப் பிள்ளைகளுக்காக வைத்த அந்த மறைப்பு, என்னைப் போன்ற பழுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி வேலை செய்யும் என்று அவர் அப்போது யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை. நாங்கள் ஆங்கிலப் புத்தகம் என்றாலே தோலை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகப் பழகியவர்கள்.

நிறத்தைப் பற்றித் தன் ஆசிரியர் குழுவில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதையும் அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார். முதல் பதிப்பின் அட்டையையும் உள்படங்களையும் வரைந்தவர் ரூத் ராபின்ஸ். ஹெர்மன் ஷைனின் மனைவி, பதிப்பகத்தில் பாதி அவர். தியோடோரா க்ரோபர் இஷியின் கதையைப் பிள்ளைகளுக்காகத் திரும்ப எழுதிய புத்தகத்தை 1964-இல் இதே பர்னாசஸ் வெளியிட்டபோது அதற்குப் படம் போட்டவரும் இவர்தான். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஆள், அட்டை வரைகிற ஆள், முதலாளி எல்லாம் ஒரே வீட்டுக்குள். அட்டையில் கெட் செம்பு நிறத்தில், பக்கவாட்டு முகமாக, உளியால் செதுக்கினது போல வந்தான். லெ குவினுக்குக் கடைசிவரை பிடித்த அட்டை அது.

அதே வருடம், இன்னொரு மேசை

அதே 1968-இல் இன்னொரு நாவல் வந்தது. எழுதியவர் சாமுவேல் டிலேனி. நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கருப்பின எழுத்தாளர். இருபத்தைந்து வயதுக்குள் பேர் வாங்கிவிட்டவர். அறிவியல் புனைவுக்கான நெபுலா விருது கையில் இருந்தது. 'நோவா' என்ற அந்த நாவலின் நாயகனுக்குத் தாய் வழி செனகல், தந்தை வழி நார்வே. அதைத் தொடராக வெளியிடும்படி 'அனலாக்' பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அதன் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல், அமெரிக்க அறிவியல் புனைவையே உருவாக்கி வளர்த்தவர் என்று கொண்டாடப்பட்ட மனிதர். டிலேனியின் ஏஜெண்டுக்கு ஃபோன் செய்து, நாவல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கருப்பின நாயகனோடு தன் வாசகர்கள் ஒட்டுவார்கள் என்று தோன்றவில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார். முப்பது வருடம் கழித்து, 1998-இல் எழுதிய கட்டுரையில் டிலேனியே இதைப் பதிவு செய்தார்.

கேம்ப்பெல் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லவில்லை. 'வாசகருக்குப் பிடிக்காது' என்றார். இந்த வியாபாரத்தில் நிறத்தை மறுத்தவர்கள் யாரும் தன் பெயரில் மறுத்ததில்லை. எப்போதும் அங்கே இல்லாத மூன்றாம் ஆள் பெயரில்தான். வாசகர், விளம்பரதாரர், கடைக்காரர், ஏரியா டிஸ்ட்ரிபியூட்டர். நம்மூர் சினிமாவில் கருப்பான கதாநாயகியைத் தேடாததற்கும் இதே 'ஆடியன்ஸ்' தான் காரணம் என்பார்கள். அந்த ஆடியன்ஸைக் கேட்டால், போஸ்டரில் போடுவதைத்தானே பார்க்க முடியும் என்பான்.

'நோவா' புத்தகமாக டபிள்டே பதிப்பகத்தில் வந்துவிட்டது, ஒரேயடியாக முடங்கிவிடவில்லை. ஆனால் ஒரே வருடத்தில் வெளிவந்த இந்த இரண்டு நாவல்களுக்கும் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்துகிறது. வெள்ளை எழுத்தாளர் தன் நாயகனின் நிறத்தைக் கதைக்குள் நைசாக நுழைக்க முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கருப்பின எழுத்தாளருக்கு முன்வாசலில் ஃபோன் வந்தது. கதைமாந்தரின் நிறம் ஒரு விஷயம், எழுதுகிறவரின் நிறம் வேறு விஷயம். இரண்டையும் 'பன்மைத்துவம்' என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. இந்த வகை எழுத்துக்கான பெரிய விருதான ஹ்யூகோ 1953-இல் தொடங்கியது. சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவை ஒரு கருப்பின எழுத்தாளர் முதன்முதலாக வாங்கியது 2016-இல், என். கே. ஜெமிசின். அவர் 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று வருடம் வாங்கினார். முதல் ஆள் உள்ளே வர அறுபத்து மூன்று வருடம். வந்தவருக்கு மூன்று வருடமும் இடம் இருந்தது.

அட்டையில் முதல் வெளுப்பு

ராபின்ஸுக்குப் பிறகு எர்த்ஸீ பெரிய பதிப்பகங்களுக்குக் கைமாறியது. அங்கே கதையைப் படிக்கிறவர் ஓரிடத்தில், அட்டையைத் தீர்மானிக்கிறவர் இன்னோரிடத்தில், விற்பனைப் பிரிவு மூன்றாவது இடத்தில். பதிப்புக்குப் பதிப்பு கெட் வெளுத்துக்கொண்டே போனான். ஆரம்பகால பிரிட்டிஷ் பதிப்பு ஒன்றில் தொய்ந்துபோன அல்லித்தண்டு மாதிரி ஒரு வெளிறிய ஆசாமி நின்றதைப் பார்த்துத் தான் அலறிவிட்டதாக லெ குவின் எழுதியிருக்கிறார். அட்டை விஷயத்தில் அவருக்கு இருந்த அதிகாரம் கடிதம் எழுதுவது மட்டும். எழுதிக்கொண்டே இருந்தார், பெரும்பாலும் தோற்றார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஆக்டேவியா பட்லர் 1987-இல் எழுதிய நாவலின் நாயகி லிலித் கருப்பினப் பெண். முதல் பதிப்பின் அட்டையில் வெள்ளைப் பெண். 2009-இல் ஜஸ்டீன் லார்பலஸ்டியர் எழுதிய பதின்வயதினர் நாவலில் கதைசொல்லி குட்டைமுடிக் கருப்பினப் பெண். அமெரிக்கப் பதிப்புக்குத் தயாரான அட்டையில் நீள முடியோடு ஒரு வெள்ளைப் பெண். அந்த நாவலில் கதைசொல்லி பொய் சொல்கிறவள் என்பதால் சிக்கல் இன்னும் கூடியது. அட்டையைப் பார்த்தவர்கள் 'இவள் தன் நிறத்தைப் பற்றியும் பொய் சொல்கிறாளோ' என்று கதையையே மாற்றிப் படிக்க ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, புத்தகம் கடைக்கு வரும் முன்பே அட்டையை மாற்றினார்கள்.

2004 ஜூனில், சிகாகோவில் புத்தகத் தொழிலில் இருப்பவர்கள் கூடிய பெரிய சந்தையில் லெ குவின் பேசினார். மிகைபுனைவு, அதாவது ஃபேன்டஸி, என்றாலே பாத்திரங்கள் வெள்ளை, காலம் ஏதோ ஒரு இடைக்காலம், கதை நன்மைக்கும் தீமைக்கும் சண்டை என்று மூன்று முன்முடிவுகள் இருக்கின்றன என்றார். அட்டைகளைப் பற்றிச் சொல்லும்போது, 'இது விற்கும், அது விற்காது' என்பது தானே தன்னை நிறைவேற்றிக்கொள்ளும் ஜோசியம் என்றார். கருப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள், கிழக்கு மேற்கு இரண்டு தேசத்து இந்தியப் பிள்ளைகள் மிகைபுனைவை வாங்குவதில்லை என்றால், அட்டையில் தங்களை ஒருநாளும் பார்க்காததுதான் காரணமாக இருக்குமோ என்று கேட்டார். இரண்டு தேசத்து இந்தியர் என்றதில் கொலம்பஸின் தப்பால் பேர் வாங்கியவர்களும் நாமும் ஒரே வரியில் வந்துவிட்டோம். அட்டை கிழிந்த பிரதியை வாங்கியவன் என்ற முறையில் எனக்கு அந்த வரி மேல் தனிப் பிரியம்.

அந்தப் பேச்சு முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

டிசம்பர் 13, 14

ஸை-ஃபை சேனல் எர்த்ஸீயின் முதல் இரண்டு நாவல்களைச் சேர்த்து, இரண்டு இரவில் ஓடும் குறுந்தொடராக ஒளிபரப்பியது. தயாரிப்பு ராபர்ட் ஹால்மி சீனியர். இயக்கம் ராபர்ட் லீபர்மேன். கெட் வேடத்தில் ஷான் ஆஷ்மோர். முந்தைய வருடம் எக்ஸ்-மென் படத்தில் பனி மனிதனாக வந்த முகம். இரண்டாம் நாவலின் நாயகி டெனார் வேடத்தில் க்ரிஸ்டின் க்ரூக். சூப்பர்மேன் தொடரில் ஏற்கெனவே தெரிந்த முகம். கெட்டின் குரு ஓகியனாக டானி க்ளோவர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முக்கியப் பாத்திரங்களில் புத்தகப்படி வெள்ளையாக இருக்கவேண்டியவள் டெனார். கார்க் நாட்டுப் பெண். தாய் வழியில் சீன மரபு கொண்ட க்ரூக்கை அந்த வேடத்துக்குப் போட்டார்கள். செம்பழுப்பாக இருக்கவேண்டிய கெட்டுக்கு வெள்ளைப் பையன். தலைகீழாகப் பிடித்து அச்சடித்த வரைபடம் மாதிரி. எர்த்ஸீயின் நிறமுள்ள சனத்தொகையை ஒன்றரை ஆளாகக் குறைத்துவிட்டார்கள் என்று லெ குவின் பின்னர் எழுதினார். அந்த அரை யார் என்று அவர் பெயர் சொல்லவில்லை. க்ரூக் என்பது என் ஊகம்.

இதற்கு எது வழி விட்டது? ஒப்பந்தம். படமாக்கும் உரிமையை விற்றபோது அவருக்குக் கிடைத்த பதவி 'ஆலோசகர்'. தயாரிப்பாளர்கள் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் வைத்துக்கொள்கிறார்களோ அதுதான் அர்த்தம், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று அவரே பிறகு விளக்கினார். அந்த வரியை மாற்றப் பார்த்து அவருடைய ஏஜென்சியாலும் முடியவில்லை. ஆனால் பேச்சு இனிப்பாக இருந்தது. புத்தகத்தை மதிப்போம், கலந்துகொள்வோம் என்றார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் திரைக்கதையில் பங்கெடுத்த ஃபிலிப்பா போயன்ஸ்தான் எழுதப்போகிறார் என்றார்கள். நடுவில் அவர் போய்விட்டார். வேறொருவர் எழுதிய திரைக்கதை வந்தது. அதைப் பார்த்தபோதுதான், தன் புத்தகம் எதைப் பற்றியது என்றே இவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்று லெ குவினுக்குப் பிடிபட்டது.

அது வெறும் கோபப் பேச்சில்லை என்பதற்கு ஒரு சாட்சி போதும். எர்த்ஸீயில் மந்திரமே பெயரில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் தெரிந்தவன் கையில் உங்கள் பிடி இருக்கிறது. உயிர் நண்பனிடம் மட்டும்தான் சொல்வார்கள். நாயகனின் மெய்ப்பெயர் கெட். ஊர் கூப்பிடுவது ஸ்பேரோஹாக் என்று, அதாவது வல்லூறு. தொடரில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள்! வீட்டில் கூப்பிடும் பெயரைப் பட்டயத்திலும், பட்டயப் பெயரைத் தெருவிலும் போட்டதுபோல. மொத்தக் கதையும் எந்த ஆணியில் தொங்குகிறதோ அதையே கவனிக்காதவர்கள், மூன்றாவது அத்தியாயத்தில் வெட்சைப் பற்றிய வாக்கியத்தின் நடுவில் ஒளிந்திருக்கிற ஒரு நிறத்தைக் கவனித்திருப்பார்களா?

ஒளிபரப்புக்கு முன்பே இயக்குநர் ஒரு பத்திரிகையில், ஆசிரியர் இந்த வேலையில் பங்கெடுக்கவில்லை, ஆனாலும் நாங்கள் புத்தகத்துக்கு மிக மிக நேர்மையாக இருக்கிறோம் என்ற ரீதியில் பேசியிருந்தார்; அந்தக் கதைகளின் உள்நோக்கம் இன்னதென்று விளக்கமும் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிற எழுபத்தைந்து வயது ஆசிரியரின் உள்நோக்கத்தை அவர் சார்பில் சொன்னால் சும்மா இருப்பாரா? நவம்பரிலேயே தன் இணையதளத்தில் பதில் போட்டார். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் மோதிரத்தை அழிக்கப் போகிற ஃப்ரோடோ, அதையே மாட்டிக்கொண்டு சந்தோஷமாக ஆட்சி செய்தான் என்று படத்தை முடித்துவிட்டு, அதை எழுதிய டோல்கீன் நினைத்தது இதுதான் என்றால் அதை நேர்மை என்பார்களா என்று கேட்டார். ஒளிபரப்பு முடிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 16 அன்று, 'ஸ்லேட்' இதழில் அவர் கட்டுரை வந்தது.

நான் திரும்பத் திரும்பப் படிக்கிற கட்டுரை அது. வசை குறைவு, கணக்கு அதிகம். இன்றைக்கே பூமியில் வெள்ளையர் சிறுபான்மைதான். எதிர்காலக் கதையில் மட்டும் எல்லோரும் எப்படி வெள்ளையாக இருப்பார்கள், அது தர்க்கத்துக்கே ஒத்துவரவில்லையே என்கிறார். மிகைபுனைவு வட ஐரோப்பாவிலிருந்து வந்த மரபு, அதனால் அதில் வெள்ளையர். நான் வெள்ளைதான், ஆனால் ஐரோப்பியர் இல்லை, என் சனங்கள் எனக்குப் பிடித்த நிறத்தில் இருக்கலாம், எனக்குச் சிவப்பும் பழுப்பும் கருப்பும் பிடிக்கும் என்கிறார். அந்த வகைப் புத்தகங்களில் தாங்களும் உள்ளே இருப்பதாக உணர்ந்தது இதில் மட்டும்தான் என்று வெள்ளையரல்லாத வாசகர்கள் எப்போதாவது எழுதிய கடிதங்களைச் சொல்கிறார். அடிக்கடி வருவதில்லை, ஆனால் மறக்க முடியாதவை என்கிறார்.

'நாங்கள் நிறம் பார்ப்பதில்லை'

தயாரிப்புத் தரப்பின் பதில், நடிகர் தேர்வில் நாங்கள் நிறமே பார்க்கவில்லை என்பது. பெருமையாகவே சொன்னார்கள். லெ குவினின் 'ஸ்லேட்' கட்டுரையிலேயே இதற்குப் பதில் இருந்தது, சுருக்கமாக: நிறத்தைக் கவனிக்காமல் இருக்கும் வசதி வெள்ளையருக்கு மட்டும்தான் உண்டு.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இரண்டு இரவுக்கு விளம்பரம் பிடிக்க வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று தேடியிருப்பார்கள். தெரிந்த முகங்களின் பட்டியலை எடுத்தால் அது ஏற்கெனவே வெள்ளை. அதற்கு முந்தைய படங்களில் முகம் தேடியவர்களும் இதே மாதிரி நிறம் பார்க்காமல் தேடியவர்கள். சாயம் போட்ட தொட்டியில் வெள்ளைத் துணியை முக்கிவிட்டு, நான் எந்தச் சாயமும் ஊற்றவில்லையே என்றால் எப்படி? தொட்டியில் இருந்தது ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

நம் பக்கத்து ஆள் ஒருவர் வழியாகவும் இது நடந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ள மாஹேயில் பிறந்த எம். நைட் ஷ்யாமளன், 2010-இல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' எடுத்தார். மூலமான அனிமேஷன் தொடர் ஆசிய, இன்யூட் (வடதுருவப் பகுதிப் பழங்குடி) பண்பாடுகளிலிருந்து உருவான உலகம். படத்தில் மூன்று நாயகப் பிள்ளைகளும் வெள்ளை. துரத்துகிற எதிராளி இளவரசனாக தேவ் பட்டேல். அந்த வேடத்துக்கும் முதலில் ஒரு வெள்ளைப் பாடகரைத்தான் பேசியிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவர் பழுப்பாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். இரண்டு முறை பார்க்கச் சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரன் இல்லை.

லெ குவின் மேலேயே வைக்கக்கூடிய குறைகளும் உண்டு. எர்த்ஸீயில் நிறம் இருக்கிறது. நிறத்தால் வரும் வாழ்க்கை இல்லை. கெட்டைச் செம்பழுப்பு என்று எந்தத் தீவும் ஒதுக்குவதில்லை. அது ஒரு விடுதலைதான். ஆனால் கதையை இழுத்துப் பிடிக்காத நிறம் என்பதால்தான் வெளுத்தபோது கதை கிழியாமல் வந்துவிட்டது. டிலேனியின் நாயகனிடமிருந்து செனகல் தாயை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மூன்று நாவல்களில் பெண்களின் மந்திரம் மட்டம் என்று இருப்பதையும் சொல்ல வேண்டும். அதை அவரே உணர்ந்து 1990-இல் நான்காம் நாவலில் கதையைப் பெண் பக்கமிருந்து திருப்பி எழுதினார். தன் புத்தகத்தோடு சண்டை போடத் தெரிந்தவர்.

பிறகு நடந்தவை

2005 ஆகஸ்டில் ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லியிலிருந்து ஹயாவோ மியாசாகியும் தயாரிப்பாளர் தோஷியோ சுசூகியும் போர்ட்லண்டில் லெ குவினின் வீட்டுக்கே வந்து பேசிப்போனார்கள். படத்தை எடுத்தது மகன் கோரோ மியாசாகி, 2006-இல் வெளியானது. கதையில் லெ குவினுக்கு நிறைய வருத்தம். நிறத்தில் மட்டும் நிதானமாகப் பேசினார். ஜப்பானில் இனம் என்பது என்னவென்று எனக்கு அதிகம் தெரியாது. அனிமேயில் வருபவர்கள் என் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறார்கள். ஜப்பானியக் கண்ணுக்கு இந்தக் கெட் இன்னும் கருமையாகத் தெரியலாம் என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார். அமெரிக்கக்காரர்களை மட்டும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவில்லை என்பதை அதே கட்டுரையில் எழுதியும் வைத்தார்.

முதல் நாவலின் ஐம்பதாம் ஆண்டுக்கு எல்லாக் கதைகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர முடிவானபோது, ஓவியர் சார்ல்ஸ் வெஸ் நான்கு வருடம் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். வரைந்ததைக் காட்டுவது, அவர் திருத்தம் சொல்வது, திரும்ப வரைவது. டிராகனின் உடம்புக்கே பல சுற்று ஓடியது. 1968-இல் ஒரே வீட்டுக்குள் நடந்தது, ஐம்பது வருடம் கழித்து மின்னஞ்சலில் மறுபடி நடந்தது. கெட் அவன் நிறத்துக்குத் திரும்பினான். தொகுப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது. லெ குவின் அந்த ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகளுக்கு, பத்து வயது, இந்தக் கதையை ராத்திரிக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொன்னேன். முதல் நாள் முடிந்ததும் பனிமூட்டத்தில் நிற்கிற பையனை வரைந்தாள். முகத்துக்குக் கிரேயான் பெட்டியிலிருந்து 'ஸ்கின் கலர்' எடுத்தாள். இளஞ்சிவப்பும் சந்தனமும் கலந்த அந்தக் குச்சிக்குப் பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற பேர் அது. எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் ஒரு தோலும் கிடையாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரே மூன்றாவது அத்தியாயம் வரை பொறுத்திருக்கிறாரே.

மூன்றாம் நாள் வெட்ச் வந்தான். அந்த வாக்கியத்தை மட்டும் நிறுத்திச் சொன்னேன்.

"மாமா, அப்ப கெட் எந்தக் கலர்?"

"செம்பழுப்பு. ஏறக்குறைய உன்னை மாதிரி, கொஞ்சம் செவப்போடினாப்ல."

எழுந்துபோய்ப் படத்தை எடுத்துவந்தாள். பழைய நிறத்தின் மேலேயே பிரவுனை அழுத்தித் தேய்த்தாள். மெழுகு வழுக்கித் திட்டுத்திட்டாக ஒட்டியது. அதன் மேல் லேசாகச் சிவப்பு. கையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு காது மட்டும் ஸ்கின் கலரிலேயே நின்றிருந்தது.

"காதை விட்டுட்டியே, பாப்பா."

"முடி வளரும்ல மாமா, மறைஞ்சிரும்" என்றாள்.